பல்கலைக்கழகத்தில் முதலாண்டு: உடல் எடை கூடுவது ஏன்? தவிர்க்க என்ன செய்யலாம்?

ஆகஸ்ட்டில் வகுப்பு தொடங்குகிறது. அக்டோபரிலோ நவம்பரிலோ தீபாவளி வருகிறது. போன வருஷம் தைத்த ரவிக்கை, வாங்கிய குர்த்தா இந்த முறை இறுக்குகிறது. வாசலில் நுழைந்ததுமே பெரியம்மா கேட்கிறார்: "என்னம்மா, கொஞ்சம் பூசினாப்ல இருக்கே?"

சிங்கப்பூரில் பல்கலைக்கழகத்திலோ பலதுறைத் தொழிற்கல்லூரியிலோ சேர்ந்த முதலாண்டில் இந்தக் கேள்வியைப் பலர் எதிர்கொள்கிறார்கள். "நான் அப்படி ஒன்னும் அதிகமா சாப்பிடலையே" என்பதுதான் வழக்கமான பதில்.

அதில் உண்மை இல்லாமல் இல்லை. பெரும்பாலும் எடையைக் கூட்டுவது பெரிய விருந்துகள் அல்ல. தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும் சின்ன மாற்றங்கள்தான். அவை எங்கிருந்து வருகின்றன, எதை மாற்றினால் போதும் என்று பார்ப்போம்.

உண்மையில் எவ்வளவு கூடுகிறது?

அமெரிக்காவில் 'ஃபிரெஷ்மன் ஃபிஃப்டீன்' என்று ஒரு பேச்சு உண்டு. கல்லூரியில் சேர்ந்த முதலாண்டில் 15 பவுண்டு, அதாவது 7 கிலோகிராம் அளவுக்கு எடை கூடிவிடும் என்பது அதன் பொருள். சமூக ஊடகங்கள் வழியாக அந்தப் பேச்சு இங்கேயும் வந்துவிட்டது.

ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. பல நாடுகளில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஓர் அறிக்கை 2015இல் வெளியானது. அதன்படி, சுமார் 5 மாதத்தில் முதலாண்டு மாணவர்களுக்குக் கூடிய எடை சராசரியாக 1.36 கிலோகிராம். எல்லாருக்கும் எடை கூடவும் இல்லை. பத்தில் ஆறு பேருக்குத்தான் கூடியது. அவர்களுக்கு மட்டும் கணக்கிட்டால் சராசரி ஏறக்குறைய 3.4 கிலோகிராம்.

அமெரிக்காவில் 2011இல் வெளிவந்த இன்னோர் ஆய்வு, கல்லூரிக்குப் போகாத அதே வயதினரையும் சேர்த்துப் பார்த்தது. அவர்களுக்கும் எடை கூடியிருந்தது. இரு தரப்புக்கும் இடையே இருந்த வேறுபாடு சொற்பம்.

இதிலிருந்து இரண்டு விஷயம் தெரிகிறது. ஒன்று, பயப்படும் அளவுக்கு எதுவும் இல்லை. 18, 19 வயதில் உடல் இன்னும் வளர்ந்துகொண்டுதான் இருக்கிறது. ஓரளவு எடை கூடுவது இயல்பு. இரண்டு, வளர்ச்சிக்கு மேல் கூடும் பங்குக்குப் பெரும்பாலும் வாழ்க்கைமுறை மாற்றமே காரணம்.

ஒரு சின்னக் கணக்கு. உடலில் ஒரு கிலோகிராம் கொழுப்பு சேர ஏறக்குறைய 7,700 கலோரி மிஞ்ச வேண்டும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. 5 மாதத்தில் 1.36 கிலோகிராம் என்றால் நாளுக்கு சுமார் 70 கலோரி. 3.4 கிலோகிராம் என்றால் நாளுக்கு சுமார் 175 கலோரி. உடல் இவ்வளவு துல்லியமாக இயங்காது. ஆனாலும் அளவு புரிகிறது. பால் சேர்த்த ஒரு கிளாஸ் 'தே', அல்லது ஒரு வெறும் பரோட்டா. அவ்வளவுதான் வித்தியாசம்.

அதனால்தான் "அதிகமா சாப்பிடலையே" என்று தோன்றுகிறது. அதனால்தான் இதைச் சரிசெய்யப் பட்டினி கிடக்கவும் தேவையில்லை.

ஏன் குறிப்பாக முதலாண்டில்?

பள்ளியில் மணி அடித்தது. இடைவேளைக்கு ஒரு நேரம், மதிய உணவுக்கு ஒரு நேரம். வாரந்தோறும் உடற்கல்வி வகுப்பு, பள்ளி அணியில் இருந்தால் மாலையில் பயிற்சி. வீட்டில் அம்மாவோ பாட்டியோ சமைத்து வைத்திருப்பார்கள். எப்போது சாப்பிடுவது, எப்போது ஓடுவது, எப்போது தூங்குவது என்பதை யாரோ உங்களுக்காக முடிவு செய்துவைத்திருந்தார்கள்.

பல்கலைக்கழகத்தில் அந்த மணி நின்றுவிடுகிறது.

ஒரு நாளை எடுத்துக்கொள்வோம். காலை 10 மணிக்கு விரிவுரை. 9.15 வரை தூங்கியதால் காலை உணவு இல்லை. விரிவுரை முடிந்து 12 மணிக்குக் கேன்டீனில் நீண்ட வரிசை. "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று ஒரு குமிழித் தேநீர். 3 மணிக்குப் பசி தாங்காமல் ஒரு தட்டு மீ கோரேங், கூடவே ஓர் இனிப்புப் பானம். மாலையில் குழுப் பணி, மேசையில் ஒரு பொட்டலம் சிப்ஸ். 8 மணிக்கு இரவு உணவு. நள்ளிரவில் தொலைபேசியில் தகவல்: "சப்பர் போலாமா?" படுக்கும்போது மணி 2.

இந்த நாளில் எந்த ஒரு வேளையும் பெரிய தவறு இல்லை. ஆனால் வேளைகளுக்கு நேரமே இல்லை. பசி முற்றிய பிறகு சாப்பிடும்போது கையில் கிடைப்பதைத்தான் சாப்பிடுகிறோம். அப்போது கைக்கு எட்டுவது பெரும்பாலும் எண்ணெயும் மாவும் சர்க்கரையும்தான்.

எடை கூடியதை "எனக்கு மனக்கட்டுப்பாடு இல்லை" என்று எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. அட்டவணைதான் மாறியிருக்கிறது. நின்றுபோன மணிகளில் இரண்டு மூன்றை நீங்களே மறுபடியும் அடிக்கத் தொடங்கினால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

நமக்கு இது ஏன் முக்கியம்?

சிங்கப்பூரில் உடற்பருமன் கூடிவருகிறது. தேசியச் சுகாதார ஆய்வின்படி 18 முதல் 74 வயது வரையிலானவர்களில் உடற்பருமன் உள்ளவர்களின் விகிதம் 2017இல் 8.6 விழுக்காடாக இருந்தது. 2019-2020இல் அது 10.5 விழுக்காடு. 2021-2022இல் 11.6 விழுக்காடு.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். சிங்கப்பூரில் நீரிழிவு நோய் சீனர்களைவிட இந்தியர்களிடையிலும் மலாய்க்காரர்களிடையிலும் அதிகம். தெற்காசியர்களின் உடலில் கொழுப்பு வயிற்றைச் சுற்றிச் சேரும் போக்கு கூடுதல். மேற்கத்தியர்களுக்கு ஆபத்தில்லை என்று கருதப்படும் எடையிலேயே நமக்கு நீரிழிவு வரக்கூடும்.

அதனால்தான் இங்கு உடல் எடைக் குறியீட்டுக்கு, அதாவது பிஎம்ஐக்கு, ஆசியர்களுக்கான அளவு பின்பற்றப்படுகிறது. எடையைக் கிலோகிராமிலும் உயரத்தை மீட்டரிலும் எடுத்துக்கொண்டு, எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும்.

- 18.5 முதல் 22.9 வரை: ஆரோக்கியமான அளவு
- 23 முதல் 27.4 வரை: மிதமான ஆபத்து
- 27.5க்கு மேல்: கூடுதல் ஆபத்து
- 18.5க்குக் கீழே: எடை குறைவு, அதுவும் கவலைக்குரியதே

எடுத்துக்காட்டாக, உயரம் 1.65 மீட்டர் என்றால் ஏறக்குறைய 50 முதல் 62 கிலோகிராம் வரை ஆரோக்கியமான எடை. இணையத்தில் உள்ள பல கணிப்பான்கள் 25 வரை "சரி" என்று காட்டும். அது நமக்கான அளவு அல்ல.

பிஎம்ஐ தசை எது, கொழுப்பு எது என்று பிரித்துச் சொல்லாது. உடற்பயிற்சிக் கூடத்தில் தசை சேர்த்தவருக்கும் எண் கூடலாம். இடுப்புச் சுற்றளவையும் சேர்த்துப் பாருங்கள். ஆசிய ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரும் எச்சரிக்கை அளவுகள். பலதுறைத் தொழிற்கல்லூரியில் சேரும்போது 18 வயது நிறையவில்லை என்றால், வயதுக்கேற்ற அட்டவணைப்படிதான் கணக்குப் பார்க்க வேண்டும்.

முதலில் கோப்பையைப் பாருங்கள்

மாற்றுவதற்கு எளிதானது பானம். காரணம், திரவமாகக் குடிக்கும் கலோரி உணவைப் போல வயிற்றை நிரப்புவதில்லை. குடித்த பிறகும் வழக்கம்போலச் சாப்பிடுகிறோம்.

பானங்களில் உள்ள சர்க்கரையைக் காட்ட சிங்கப்பூரில் 'நியூட்ரி-கிரேட்' முறை இருக்கிறது. பொட்டலப் பானங்களுக்கு 2022 டிசம்பர் 30 முதலும், கடையில் அப்போதே தயாரித்துத் தரும் பானங்களுக்கு 2023 டிசம்பர் 30 முதலும் அது நடப்பில் உள்ளது. சர்க்கரையைப் பொறுத்தவரை 100 மில்லிலிட்டருக்கு:

- 'ஏ': 1 கிராம் வரை, இனிப்பூட்டிகள் இல்லாமல்
- 'பி': 1 கிராமுக்கு மேல், 5 கிராம் வரை
- 'சி': 5 கிராமுக்கு மேல், 10 கிராம் வரை
- 'டி': 10 கிராமுக்கு மேல்

கொழுப்பின் அளவும் தரத்தை மாற்றும். 'சி', 'டி' தரப் பானங்களில் முத்திரை கட்டாயம். 'டி' தரப் பானங்களை விளம்பரப்படுத்த முடியாது.

இப்போது கணக்கிடுவோம். 500 மில்லிலிட்டர் கிண்ணத்தில் 100 மில்லிலிட்டருக்கு 10 கிராம் என்றால் மொத்தம் 50 கிராம் சர்க்கரை. அதுவே 200 கலோரி. உலகச் சுகாதார நிறுவனம் நாளுக்கு 2,000 கலோரி உண்பவருக்குச் சொல்லும் சேர்க்கப்பட்ட சர்க்கரையின் உச்ச அளவும் 50 கிராம்தான். பாதியாகக் குறைத்தால் இன்னும் நல்லது என்கிறது அந்த அமைப்பு. ஒரே கிண்ணத்தில் அன்றைய கணக்கு முடிந்துவிடுகிறது.

மரவள்ளி முத்துகள் தனிக் கணக்கு. பானத்தின் தரத்தில் அவை சேர்வதில்லை. சர்க்கரையை 25 விழுக்காட்டுக்குக் குறைத்துவிட்டு இரண்டு மடங்கு முத்து கேட்டால் பலன் அவ்வளவாக இல்லை.

காப்பிக் கடையில் ஆர்டர் செய்யும் மொழி நமக்குத் தெரிந்ததுதான். அதையே பயன்படுத்திக்கொள்ளலாம்:

- 'தே': இனிப்புக் கெட்டிப்பால் சேர்த்தது
- 'தே சி': இனிப்பில்லாத கெட்டிப்பாலும் சர்க்கரையும்
- 'தே ஓ': பால் இல்லை, சர்க்கரை உண்டு
- 'சியூ டாய்' என்று சேர்த்தால்: இனிப்புக் குறைவு
- 'கோசோங்' என்று சேர்த்தால்: சர்க்கரையே இல்லை

முதல் நாளே 'கோசோங்'குக்குத் தாவினால் மூன்றாம் நாள் விட்டுவிடுவோம். இரண்டு வாரம் 'சியூ டாய்', அப்புறம் 'கோசோங்' என்று போனால் நாக்கு பழகிவிடும். குமிழித் தேநீரும் அப்படித்தான். தினமும் ஒன்று என்பதை வாரத்துக்கு ஒன்றாக்கினால் போதும். ஒரேயடியாக நிறுத்தத் தேவையில்லை.

18 வயதானதும் சிலர் மது அருந்தத் தொடங்குகிறார்கள். ஒரு கிராம் மதுசாரத்தில் 7 கலோரி, சர்க்கரையில் 4தான். கூடவே வறுத்த உணவும் வரும். எடைக் கணக்கில் இதையும் மறக்க வேண்டாம்.

சப்பர்: போகலாமா, வேண்டாமா?

விடுதி வாழ்க்கையில் சப்பர் என்பது வெறும் சாப்பாடு அல்ல. நட்பு வளரும் இடம் அது. முதலாண்டில் புதிதாக வந்தவருக்கு "நான் வரலை" என்று சொல்வது எளிதல்ல. ஜொகூரிலிருந்தோ சென்னையிலிருந்தோ வந்து விடுதியில் தங்கியிருப்பவருக்கு அந்த மேசைதான் குடும்பம்.

எனவே, போங்கள். இரவு 12 மணிக்குச் சாப்பிட்டால் கலோரி இரட்டிப்பாகிவிடாது. சிக்கல் வேறு: அது நான்காவது வேளை. மூன்று வேளைக்குத் தேவையான உணவை ஏற்கெனவே சாப்பிட்டுவிட்டோம்.

செய்யக்கூடியவை:

- இரவு உணவை 7 மணிவாக்கில் நன்றாகச் சாப்பிடுங்கள். அரைகுறையாகச் சாப்பிட்டால் 11 மணிக்குப் பசிப்பது இயல்புதான்.
- வாரத்தில் எத்தனை சப்பர் என்று முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். ஒன்று அல்லது இரண்டு.
- சப்பர் போகும் நாளில் ஒரு பரோட்டாவை இரண்டு பேர் பகிர்ந்துகொள்ளலாம். அல்லது ஒரு தோசையும் 'தே ஓ கோசோங்'கும் போதும்.
- உணவு விநியோகச் செயலியில் குழுவாக ஆர்டர் செய்யும்போது, "இன்னும் 5 வெள்ளி சேர்த்தா டெலிவரி இலவசம்" என்பதற்காகச் சேர்க்கும் வறுத்த கோழி யார் வயிற்றுக்குப் போகிறது என்று யோசியுங்கள்.

அறையில் என்ன வைத்திருக்கிறீர்கள் என்பதும் முக்கியம். தேர்வுக் காலத்தில் விடுதி அறைகளில் உடனடி நூடல்ஸ் பெட்டி பெட்டியாக இருக்கும். அமெரிக்கத் தேசியச் சுகாதாரக் கழகத்தின் ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட ஆய்வில், 20 பேருக்கு இரண்டு வாரம் மிகையாகப் பதப்படுத்திய உணவும், இரண்டு வாரம் அவ்வாறு பதப்படுத்தாத உணவும் தரப்பட்டன. எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம். பதப்படுத்திய உணவைச் சாப்பிட்டபோது அவர்கள் நாளுக்கு ஏறக்குறைய 500 கலோரி கூடுதலாக உண்டார்கள்; எடையும் சுமார் 0.9 கிலோகிராம் கூடியது. அவர்கள் திட்டமிட்டு அதிகம் சாப்பிடவில்லை. அந்த வகை உணவு அப்படிச் சாப்பிட வைக்கிறது.

அறையில் வாழைப்பழம், வேகவைத்த முட்டை, உப்பில்லாத கடலை, சர்க்கரை சேர்க்காத சோயாப்பால் இருந்தால், பசிக்கும் நேரத்தில் கை அங்கே போகும். நூடல்ஸ்தான் வேண்டும் என்றால் ஒரு முட்டையும் ஒரு பிடி கீரையும் சேருங்கள். மசாலாப் பொட்டலத்தில் பாதி போடுங்கள்.

கேன்டீன் தட்டை எப்படி நிரப்புவது?

சுகாதார மேம்பாட்டு வாரியம் பரிந்துரைக்கும் ஆரோக்கியத் தட்டின் கணக்கு எளிது. தட்டில் பாதி காய்கறியும் பழமும். கால்வாசி முழுத்தானியம். கால்வாசி புரதம்.

கேன்டீனில் நமக்குக் கிடைக்கும் தட்டில் பாதிக்கு மேல் சோறோ மீயோ இருக்கும். அதை மாற்ற வாய் திறந்து கேட்டால் போதும். "அங்கிள், சோறு கொஞ்சம் குறைங்க, காய் கூட வைங்க" என்றால் பெரும்பாலான கடைக்காரர்கள் செய்துதருவார்கள்.

கடைக்குக் கடை என்ன கேட்கலாம்?

- இந்திய உணவுக் கடை: குழம்பைச் சோற்றின்மேல் ஊற்றாமல் தனியாக வாங்குங்கள். தேங்காய்ப்பால் குழம்புக்குப் பதில் சாம்பார் அல்லது ரசம். பொரித்த கோழிக்குப் பதில் குழம்பில் வெந்த கோழி, மீன், முட்டை. பிரியாணி ஒரு தட்டு 800 கலோரியைத் தாண்டக்கூடும். அதை அன்றாட உணவாக வைத்துக்கொள்ள வேண்டாம்.
- கலவைச் சோற்றுக் கடை: இரண்டு காய், ஒரு புரதம் என்று பழகிக்கொள்ளுங்கள். மாவில் தோய்த்துப் பொரித்தவற்றை ஒன்றோடு நிறுத்துங்கள்.
- கோழிச் சோறு: பொரித்ததைவிட அவித்த கோழி நல்லது. தோலை எடுத்துவிடலாம். சோறு கொழுப்பில் வதக்கி வேகவைத்தது. வெறும் சோறு இருந்தால் கேளுங்கள்.
- சூப் கடை: சூப்புடன் வரும் மீ, வறுத்த மீயைவிட எண்ணெய் குறைவு. சூப்பில் உப்பு அதிகம் என்பதால் முழுவதையும் குடித்துவிட வேண்டாம்.
- சைவ உணவு சாப்பிடுபவர்கள்: சைவம் என்பதாலேயே எடை கூடாது என்று நினைக்க வேண்டாம். பரோட்டா, வடை, பீ ஹூன் என்று மாவாகவே போய்விடும். பருப்பு, கொண்டைக்கடலை, தவ்வு, தெம்பே, தயிர் ஆகியவற்றில் ஒன்று ஒவ்வொரு வேளையும் இருக்கட்டும்.

காலை உணவைப் பற்றி ஒரு வார்த்தை. காலையில் சாப்பிடாததாலேயே எடை கூடிவிடும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் காலை உணவைத் தவிர்த்த நாளில் 3 மணிக்கு உங்களுக்குப் பசி வெறித்தனமாக எடுக்கிறது என்றால், அது உங்களுக்குத் தேவை. இரண்டு முழுத்தானிய ரொட்டித் துண்டும் ஒரு முட்டையும் 5 நிமிட வேலை.

தூக்கம்

எடையைப் பற்றிப் பேசும்போது பலரும் தூக்கத்தை விட்டுவிடுகிறார்கள். 18 முதல் 25 வயதினருக்கு 7 முதல் 9 மணி நேரத் தூக்கம் தேவை. தூக்கம் குறைந்தால் பசியைத் தூண்டும் இயக்குநீர்கள் மாறுகின்றன. இனிப்பும் கொழுப்பும் கூடுதலாகக் கவர்கின்றன.

அமெரிக்காவின் சிக்காகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வழக்கமாக ஆறரை மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கும், சற்றுப் பருமனான 80 பேர் அதில் பங்கேற்றனர். அவர்களில் ஒரு பகுதியினரின் தூக்கம் மட்டும் சுமார் 1.2 மணி நேரம் கூட்டப்பட்டது. உணவைப் பற்றி எதுவும் சொல்லப்படவில்லை. மற்றவர்களோடு ஒப்பிட, அவர்கள் நாளுக்கு ஏறக்குறைய 270 கலோரி குறைவாக உட்கொண்டார்கள்.

மேலே போட்ட கணக்கை நினைத்துப் பாருங்கள். முதலாண்டில் எடையைக் கூட்டுவது நாளுக்கு 70 முதல் 175 கலோரி. ஒரு மணி நேரம் கூடுதலாகத் தூங்குவது அதை ஈடுசெய்யக்கூடும்.

இரவு 11 மணிக்கு மேல் பசிப்பதுபோல் தோன்றினால் உங்களையே கேட்டுப்பாருங்கள்: "பசிக்குதா, தூக்கம் வருதா?" பெரும்பாலும் விடை இரண்டாவதுதான்.

உடற்கல்வி வகுப்பு இல்லை. இனி?

பள்ளியிலும் தொடக்கக் கல்லூரியிலும் உடற்கல்வி கட்டாயம். பல்கலைக்கழகத்தில் ஓடச் சொல்ல யாரும் இல்லை. விரிவுரைகளில் பல இணையத்தில் பதிவாகிவிடுவதால், வகுப்பிலிருந்து வகுப்புக்கு நடப்பதும் குறைந்துவிட்டது.

ஆண்களுக்கு இன்னொரு மாற்றமும் உண்டு. இரண்டாண்டுத் தேசிய சேவையில் தினமும் பயிற்சி. அதற்கேற்ற பசி, அதற்கேற்ற சாப்பாடு. சேவை முடிந்ததும் பயிற்சி நின்றுவிடுகிறது. சாப்பாட்டின் அளவு மட்டும் அப்படியே தொடர்கிறது. "ஓஆர்டி ஆனதும் தொப்பை வந்துருச்சு" என்று பசங்க சொல்வதற்குக் காரணம் இதுதான். ஐபிபிடி சோதனை எப்படியும் வரும். 2.4 கிலோமீட்டர் ஓட்டத்தைக் கடைசி மாதத்தில் தொடங்காமல் வாரம் இருமுறை ஓடிக்கொண்டிருந்தால், எடைக்கும் நல்லது, சோதனையும் சுலபம்.

உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை: பெரியவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடற்பயிற்சி செய்ய வேண்டும், குறைந்தது இரண்டு நாள் தசைகளை வலுவாக்கும் பயிற்சியும் தேவை. 150 நிமிடம் என்பது நாளுக்கு 30 நிமிடமாக 5 நாள். வேக நடையும் கணக்கில் சேரும்.

- பேருந்தில் ஒரு நிறுத்தம் முன்பே இறங்கி நடங்கள். வளாகத்துக்குள் ஓடும் பேருந்துக்கு வரிசையில் நிற்கும் நேரத்தில் நடந்தே போய்விடலாம்.
- ஏதாவது ஒரு விளையாட்டுக் குழுவில் சேருங்கள். பூப்பந்து, காற்பந்து, சிலம்பம், நடனம், எதுவானாலும் சரி. தனியாக ஓடுவதைக் கைவிடுவது எளிது; நண்பர் காத்திருந்தால் போய்த்தான் ஆக வேண்டும்.
- வளாகத்தில் உள்ள உடற்பயிற்சிக் கூடத்தைப் பயன்படுத்துங்கள். வீட்டிலிருந்து வந்துபோகிறவர்களுக்குப் பேட்டையில் ஆக்டிவ்எஸ்ஜி நீச்சல்குளமும் உடற்பயிற்சிக் கூடமும் இருக்கும்.
- 'ஹெல்த்தி 365' செயலியில் நடக்கும் அடிகளைப் பதிவு செய்தால் புள்ளிகள் கிடைக்கும், பற்றுச்சீட்டாக மாற்றிக்கொள்ளலாம்.

ஆனால் ஒன்று. "ஓடிட்டேன், இனி எது வேணும்னாலும் சாப்பிடலாம்" என்ற கணக்கு சரிவராது. அரை மணி நேரம் ஓடிச் செலவழித்ததை ஒரு பெரிய கிண்ணம் குமிழித் தேநீர் திருப்பிக் கொடுத்துவிடும்.

விடுதியா, வீடா?

விடுதியில் தங்குபவர்களில் சிலருக்குக் காலை உணவும் இரவு உணவும் கட்டணத்திலேயே சேர்ந்திருக்கும். பணம் கொடுத்தாகிவிட்டது என்பதற்காகத் தட்டை நிறைக்கத் தேவையில்லை. மாறாக, அந்த இரு வேளைகளையும் தவறாமல் பயன்படுத்தினால் வெளியே வாங்கும் தேவை குறையும்.

வீட்டிலிருந்து வந்துபோகிறவர்களின் சிக்கல் வேறு. இரவு 7 மணிக்குப் பசித்து வெளியே சாப்பிட்டுவிடுகிறார்கள். 10 மணிக்கு வீடு திரும்பினால் அம்மா காத்திருக்கிறார்: "உனக்காகத்தான் எடுத்து வச்சிருக்கேன்." மறுக்க மனம் வராது. இரண்டு இரவு உணவு. மாலையிலேயே ஒரு தகவல் அனுப்பிவிடுங்கள்: "அம்மா, இன்னிக்கு வெளிய சாப்பிட்டேன். அதை நாளைக்கு மதியத்துக்கு டப்பால போட்டு வைங்க." அடுத்த நாள் கேன்டீன் செலவும் மிச்சம்.

இவற்றைச் செய்ய வேண்டாம்

எடை கூடியதும் சிலர் மறுகோடிக்குப் போய்விடுகிறார்கள். அதில்தான் உண்மையான ஆபத்து.

- பட்டினி: நாளுக்கு ஒரு வேளை மட்டும் சாப்பிடுவது, சோற்றை முற்றிலும் நிறுத்துவது போன்றவை சில வாரம் தாக்குப்பிடிக்கும். பிறகு, இழந்த எடை பெரும்பாலும் திரும்பிவிடும். படிப்பிலும் கவனம் சிதறும்.
- இணையத்தில் விற்கும் மெலிவு மாத்திரை, காப்பி, மிட்டாய்: "இயற்கை மூலிகை" என்று விற்கப்படும் சில பொருள்களில் சிபுட்ரமின் என்ற மருந்து கலந்திருப்பதாகச் சுகாதார அறிவியல் ஆணையம் பலமுறை எச்சரித்துள்ளது. மாரடைப்பும் பக்கவாதமும் வரும் ஆபத்தை அது கூட்டுவதால் சிங்கப்பூரில் 2010 முதல் அதற்குத் தடை. குறுகிய காலத்தில் எடை குறையும் என்று யாராவது உறுதி கொடுத்தால் அதுவே எச்சரிக்கை.
- எடைக்குறைப்பு ஊசி: மருத்துவரின் பரிந்துரை இல்லாமல் வேண்டாம். நண்பரிடமிருந்து வாங்கவே வேண்டாம்.
- தினமும் எடை பார்ப்பது: உடலில் உள்ள நீரின் அளவால் எடை ஒரே நாளில் ஒரு கிலோகிராம் ஏறி இறங்கலாம். வாரம் ஒருமுறை, ஒரே நேரத்தில் பார்த்தால் போதும். அதுவும் மன உளைச்சல் தந்தால் விட்டுவிடுங்கள்.

எப்போது உதவி நாட வேண்டும்?

கீழ்க்காண்பவற்றில் எதுவும் உங்களுக்கோ நண்பருக்கோ இருந்தால், அதைச் சாதாரண 'டயட்' என்று நினைத்துவிட வேண்டாம்:

- சாப்பிட்ட பிறகு குற்றவுணர்வு, வாந்தியெடுக்கத் தூண்டுதல்
- யாருக்கும் தெரியாமல் அளவின்றிச் சாப்பிடுவது
- எடை வேகமாகக் குறைவது, மாதவிடாய் நின்றுபோவது
- உணவைப் பற்றிய எண்ணமே நாள் முழுவதும் ஓடுவது

இவை உணவுண்ணும் கோளாறின் அறிகுறிகளாக இருக்கலாம். அது ஒரு நோய், சிகிச்சை உண்டு. ஆண்களுக்கும் வரும். பல்கலைக்கழகங்களிலும் பலதுறைத் தொழிற்கல்லூரிகளிலும் மாணவர் ஆலோசனைச் சேவை இருக்கிறது. தேசிய மனநல உதவி எண் 1771. நெருக்கடி நேரத்தில் எஸ்ஓஎஸ் அமைப்பின் 24 மணி நேர உதவி எண் 1767.

முயற்சி எதுவும் இல்லாமலே எடை திடீரென ஏறினாலோ, கூடவே சோர்வு, ஒழுங்கற்ற மாதவிடாய், தாகம் இருந்தாலோ மருத்துவரைப் பாருங்கள். தைராய்டு, சினைப்பை நீர்க்கட்டி நோய்க்குறி, சில மருந்துகள் போன்றவையும் காரணமாக இருக்கலாம். குடும்பத்தில் யாருக்காவது நீரிழிவு இருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

பெரியம்மாக்களுக்கும் மாமாக்களுக்கும் ஒரு வார்த்தை. "குண்டாயிட்டியே" என்று சொல்வது அக்கறையில்தான். ஆனால் புது இடத்தில் தடுமாறிக்கொண்டிருக்கும் 19 வயதுப் பிள்ளைக்கு அது மாதக்கணக்கில் மனத்தில் நிற்கும். "நல்லாத் தூங்குறியா? நேரத்துக்குச் சாப்பிடுறியா?" என்று கேட்டால் அதே அக்கறை சரியாகப் போய்ச் சேரும்.

சுருக்கமாக: இந்த வாரமே தொடங்க 5 மாற்றங்கள்

1. மதிய உணவுக்கும் இரவு உணவுக்கும் ஒரு நேரத்தைக் குறித்து, வகுப்பு அட்டவணையிலேயே போட்டுவையுங்கள்.
2. தினமும் குடிக்கும் ஓர் இனிப்புப் பானத்தை 'சியூ டாய்' ஆக்குங்கள்; பிறகு 'கோசோங்'.
3. சப்பர் வாரத்துக்கு ஒன்று அல்லது இரண்டு.
4. இப்போது தூங்குவதைவிட ஒரு மணி நேரம் முன்பே படுங்கள்.
5. வாரம் இருமுறை நண்பருடன் ஏதாவது விளையாடுங்கள்.

ஐந்தையும் ஒரே நாளில் தொடங்கத் தேவையில்லை. ஒன்றை எடுத்துக்கொண்டு இரண்டு வாரம் செய்து பாருங்கள். அது பழகியதும் அடுத்தது.